கசப்பும் அளவும்



கிரிக்கெட் மட்டை எந்த மரத்தில் செய்கிறார்கள் என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் தயங்காமல் 'வில்லோ' என்பார்கள். விலை குறைந்தது காஷ்மீர் வில்லோ, விலை கூடியது இங்கிலீஷ் வில்லோ என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. இங்கிலாந்தில் மட்டைக்கென்று வளர்க்கும் மரம், வெள்ளை வில்லோ என்ற மரத்தின் ஒரு வகை. ஓடைக்கரையிலும் ஈரம் வடியாத தாழ்நிலத்திலும் ஓங்கி வளரும். மட்டைக்கு அதன் கட்டை போதும். இந்த மாதம் உங்களோடு நான் பேச நினைப்பது அதன் பட்டையைப் பற்றி.

மூட்டுவலி, இடுப்புவலி என்று நம் இதழுக்கு வரும் கடிதங்கள் மனத்தைத் தொடுபவை. படியேற முடியவில்லை, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து நாளாயிற்று, மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது, போடாவிட்டால் தூக்கமில்லை என்று எழுதுகிறீர்கள். கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. இன்ன மரத்தின் பட்டையைக் காய்ச்சிக் குடித்தால் வலி போய்விடும் என்கிறார்களே, குடிக்கலாமா? இயற்கையானதுதானே, கெடுதல் இருக்காதே? ஆமாம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. வலி தீர்க்கும் பட்டைகளில், நாக்கில் பட்ட முதல் கசப்பு தொடங்கி ஆய்வுக்கூடம் வரை, வரலாறு முழுக்கப் பதிவான ஒன்று வில்லோ. அதற்கு நடந்ததைத் தெரிந்துகொண்டால் மற்றப் பட்டைகளிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் பகுதியில் சிப்பிங் நார்ட்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே இருந்த பாதிரியார் எட்வர்ட் ஸ்டோன், 1750-களின் பிற்பகுதியில் ஒரு நாள் தற்செயலாக வில்லோப் பட்டையைச் சுவைத்துப் பார்த்தார். அதன் கடுங்கசப்பு அவரைத் திடுக்கிட வைத்தது. அந்தக் கசப்பு அவருக்கு வேறொரு பட்டையை நினைவூட்டியது. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளிலிருந்து கப்பலேறி வந்துகொண்டிருந்த சின்கோனாப் பட்டை அது. முறைவைத்து வரும் குளிர்காய்ச்சலுக்கு அன்றைய ஐரோப்பா நம்பியிருந்த மருந்து. விலையோ ஏழைகளுக்கு எட்டாத உயரம். இந்த சின்கோனா நமக்கும் அந்நியமில்லை. நூறு ஆண்டுகள் கழித்து, 1860-ல், அதை நீலகிரிக்குக் கொண்டுவந்து தொட்டபெட்டாவிலும் பிறகு நடுவட்டத்திலும் பயிரிட்டார்கள். அதிலிருந்து எடுத்த கொயினாவின் கசப்பை நம் தாத்தா பாட்டிகளின் தலைமுறை நன்றாக அறிந்திருந்தது. வால்பாறைப் பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் இன்னும் இருக்கிறது.

ஸ்டோனிடம் திரும்புவோம். கசப்பு ஒத்திருந்தால் குணமும் ஒத்திருக்குமோ என்று அவர் யோசித்தார். அவர் காலத்து நம்பிக்கை ஒன்றும் அதற்குத் துணை நின்றது. நோய் எங்கே பிறக்கிறதோ அங்கேயே அதன் மருந்தும் முளைக்கும் என்பது அந்த நம்பிக்கை. ஈரநிலத்தில் குளிர்காய்ச்சல், ஈரநிலத்திலேயே வில்லோ. இந்தத் தருக்கம் தவறு என்று இன்று நமக்குத் தெரியும். ஆனால் அதற்கு அடுத்தபடி அவர் செய்த காரியம், அவருக்கு முன் இந்தப் பட்டையைத் தொட்டவர்கள் யாரும் எழுதிவைக்காதது. ஏறத்தாழ ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான பட்டையைச் சேர்த்தார். பையில் போட்டு, ரொட்டி சுடுபவரின் அடுப்புக்கு வெளிப்புறத்தில் மூன்று மாதத்துக்கு மேல் தொங்கவிட்டுக் காயவைத்தார். இடித்தார், சலித்தார். காய்ச்சல்காரர்களுக்கு முதலில் மிகக் குறைந்த அளவில், 20 கிரெயின், அதாவது 1.3 கிராம் போலக் கொடுத்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக் கவனித்தார். கெடுதல் இல்லை என்று தெரிந்த பிறகே அளவைக் கூட்டினார். கடைசியில் வேளைக்கு ஒரு டிராம், நம் கணக்கில் ஏறத்தாழ 4 கிராம் வரை போனார்.

சில ஆண்டுகளில் சுமார் ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, 1763 ஏப்ரல் 25 அன்று லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். சொசைட்டியின் இதழில் அது அச்சானது. பெரும்பாலோருக்குக் காய்ச்சல் தணிந்தது என்று எழுதிய கையோடு, மூன்று நாளுக்கு ஒருமுறை திரும்பும் பிடிவாதமான காய்ச்சல் சிலவற்றில் வில்லோ மட்டும் போதவில்லை என்றும் எழுதினார். அவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு சின்கோனாவைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு மருந்தைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் இருப்பவர், அது பலிக்காத ஆட்களையும் கணக்கில் காட்டுகிறார். இதைப் பலரும் பல நிலைமைகளில் நேர்மையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன் என்கிறார். பட்டையை விற்க அவர் முனையவில்லை, ரகசியமாக வைத்துக்கொள்ளவும் இல்லை.

அந்தப் பலிக்காத கணக்குக்கு என்ன பொருள் என்று பின்னால் வந்த அறிவியல் சொன்னது. கொயினா, அந்தக் குளிர்காய்ச்சலை உண்டாக்கும் மலேரியாக் கிருமியையே கொல்கிறது. வில்லோ கிருமியைத் தொடுவதில்லை. காய்ச்சலின் சூட்டையும் உடம்புவலியையும் இறக்குகிறது, அவ்வளவுதான். நோயாளிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றியிருக்கும். வலி குறைவதும் நோய் குறைவதும் வேறு வேறு என்பதை, மூட்டுவலிக்கு எதையாவது விழுங்கி இரண்டு நாள் சுகமாக இருந்தவர்கள் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வில்லோவை மருந்தாகக் கொண்டவர்களில் ஸ்டோன் முதல்வர் அல்லர். ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முந்திய எகிப்தியச் சுவடியில் வில்லோ வருகிறது. கிரேக்க மருத்துவர் டயோஸ்கோரிடிஸ் அதன் கஷாயத்தைக் கீல்வாதத்துக்கு ஒத்தடமாகச் சொல்கிறார். ஸ்டோனின் பங்கு, அளந்ததும் எழுதியதும்.

அடுத்து வந்தவர்கள் வேதியியலாளர்கள். நெப்போலியன் காலத்துப் போர்களும் துறைமுகத் தடைகளும் சின்கோனா வரத்தைக் கெடுத்ததால், உள்ளூர்ப் பட்டைகளின் மேல் ஐரோப்பாவின் கவனம் திரும்பியிருந்தது. 1828-ல் மியூனிக்கில் யோஹான் புக்னர், வில்லோப் பட்டையிலிருந்து மஞ்சள் நிறமான கசப்புப் பொருளைப் பிரித்து அதற்குச் சாலிசின் என்று பெயரிட்டார். மறு ஆண்டே பிரான்சில் ஆன்ரி லெரூ அதைப் படிகமாக எடுத்துக் காட்டினார். ஒன்றரைக் கிலோ பட்டையிலிருந்து அவருக்குக் கிடைத்தது 30 கிராம் போல. 1838-ல் இத்தாலியரான ரஃபாயேலே பிரியா, சாலிசினை உடைத்து அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தை உண்டாக்கினார்.

வலிக்கும் வீக்கத்துக்கும் இந்தப் பட்டை உண்மையிலேயே உதவும் என்று மருத்துவமனைப் படுக்கையருகில் நின்று காட்டியவர் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து மருத்துவர் தாமஸ் மெக்லகன். அன்று வாதக்காய்ச்சல் கொடிய நோய். தொண்டைப் புண்ணில் தொடங்கி, மூட்டு மூட்டாக வீங்கி, போர்வை பட்டால்கூட நோயாளி அலறுவார். வாரக்கணக்கில் படுக்கை. சிலருக்கு இதயத்தின் வால்வுகளும் கெட்டுவிடும். ஸ்டோனைப் போலவே மெக்லகனும் ஈரநிலத்து நோய்க்கு ஈரநிலத்து மருந்து என்ற தவறான வழியில்தான் வில்லோவிடம் வந்து சேர்ந்தார். வந்த பிறகு நடந்துகொண்ட முறையோ மிகச் சரி. சாலிசினை முதலில் தானே விழுங்கினார். 5 கிரெயின், பிறகு 10, பிறகு 30. தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு நோயாளிக்குக் கொடுத்தார். காய்ச்சல் தணிந்தது, மூட்டின் வீக்கமும் வலியும் விரைந்து குறைந்தன. 1876-ல் லான்செட் இதழில் அதை எழுதினார். அதே ஆண்டு பெர்லினில் மருத்துவர்கள் சாலிசிலிக் அமிலத்தால் அதே பலனைக் கண்டு எழுதினார்கள்.

தான் சாப்பிட்டுப் பார்க்காததை நோயாளிக்குக் கொடுக்காத அந்த மனம் என்னை மிகவும் நெகிழ வைக்கிறது. இன்று மருந்துச் சோதனைகளுக்கு இதைவிடக் கடுமையான விதிகள் வந்துவிட்டன, வந்தது நல்லதே. அந்த விதிகளுக்கு அடியில் இருக்கும் அக்கறையை மெக்லகனிடம் பார்க்கிறோம்.

சாலிசிலிக் அமிலம் மலிவாகக் கிடைத்தது. ஆனால் வயிற்றைப் புண்ணாக்கியது, குமட்டியது, கூடுதலாகப் போனால் காதில் இரைச்சல். ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் 1897 ஆகஸ்டில் ஃபீலிக்ஸ் ஹாஃப்மன் அதோடு அசிட்டைல் என்ற சிறு பகுதியை இணைத்துத் தூய பொருளாக எடுத்தார். 1899-ல் அது ஆஸ்பிரின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அந்த வேலைக்கு வழிகாட்டியது நானே என்று அதே நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்தர் ஐசன்குருன் 1949-ல் எழுதினார். அவர் யூதர். நாஜி ஆட்சியில் தெரேசியன்ஷ்டாட் வதைமுகாமில் அடைக்கப்பட்டு உயிர்தப்பியவர். ஹாஃப்மனை மட்டும் கொண்டாடிய வரலாறு அச்சேறிய 1934-ல், தன் பெயருக்காக வாய்திறக்கும் நிலையில் ஒரு யூதர் ஜெர்மனியில் இல்லை. 2000-ல் வால்டர் ஸ்னீடர் என்ற ஆய்வாளர் பழைய ஆவணங்களைப் புரட்டி ஐசன்குருன் சொன்னது நம்பத்தக்கதே என்று எழுதினார். பேயர் நிறுவனம் அதை ஏற்கவில்லை. ஐசன்குருனின் பெயரும் இந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

இந்தப் பொருள்கள் உடம்பில் என்ன செய்கின்றன என்பது 1971 வரை புதிர். அந்த ஆண்டு இங்கிலாந்தில் ஜான் வேன் அதை அவிழ்த்தார். 1982-ல் நோபல் பரிசும் பெற்றார். அடிபட்ட இடத்திலும் வீங்கிய மூட்டிலும் நம் உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்களைத் தயாரிக்கிறது. அவை ரத்தக் குழாய்களை விரித்துச் சிவப்பையும் சூட்டையும் வீக்கத்தையும் கொண்டுவருகின்றன. வலி நரம்புகளின் கூச்சத்தைக் கூட்டுகின்றன. அவற்றைத் தயாரிக்கும் நொதியை ஆஸ்பிரின் முடக்கிவிடுகிறது. அதே பொருள்கள்தாம் இரைப்பையின் உட்சுவரையும் காக்கின்றன. வலிமாத்திரை வயிற்றில் புண் உண்டாக்குவது அதனால்தான். வலியைத் தணிப்பதும் வயிற்றைக் கெடுப்பதும் ஒரே செயலின் இரண்டு விளைவுகள்.

இனி, பட்டைக்கும் மாத்திரைக்கும் உள்ள வேறுபாடு. இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். பட்டையில் ஆஸ்பிரின் இல்லை, சாலிசின்தான் இருக்கிறது. அது இரைப்பையில் பெரிதாக ஒன்றும் செய்யாமல் குடலுக்குப் போகிறது. குடலிலுள்ள பாக்டீரியாக்கள் அதை உடைக்கின்றன, கல்லீரல் அதைச் சாலிசிலிக் அமிலமாக மாற்றுகிறது. வயிற்றெரிச்சல் குறைவாக இருப்பதற்கு இந்தச் சுற்றுவழி ஒரு காரணம். ஆஸ்பிரினில் உள்ள அசிட்டைல் பகுதி, பூட்டுக்குள் ஒடிந்த சாவி போல நொதிக்குள் சிக்கி, அதை நிரந்தரமாகச் செயலிழக்க வைக்கிறது. ரத்தத்தட்டு அணுக்களால் புது நொதி செய்துகொள்ள முடியாது. ஆகவே அவை வாழும் எட்டு, பத்து நாளும் ஒட்டிக்கொள்ளும் திறன் குறைந்தே இருக்கும். இதய நோயாளிகளுக்குச் சிறு அளவு ஆஸ்பிரின் தினமும் கொடுப்பது இதற்காகத்தான். பட்டைக்கு அந்தத் திறன் அநேகமாக இல்லை. இதயத்துக்கென்று மருத்துவர் எழுதிய ஆஸ்பிரினை நிறுத்திவிட்டு வில்லோப் பட்டை குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். உயிருக்கே ஆபத்தான யோசனை அது.

அப்படியென்றால் வலிக்குப் பட்டை உதவுமா? உதவுகிறது, ஓரளவுக்கு, சில வலிகளுக்கு. 2000-ம் ஆண்டு வெளியான ஒரு சோதனையில், நாள்பட்ட இடுப்புவலி திடீரென்று கூடிய 210 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு நாளுக்கு 240 மில்லிகிராம் சாலிசின் தரும் பட்டைச் சாறு. இன்னொன்றுக்கு 120 மில்லிகிராம். மூன்றாவதற்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. நான்காவது வாரத்தில், வேறு வலிமருந்து எடுக்காமல் குறைந்தது ஐந்து நாள் வலியின்றி இருந்தவர்கள் முதல் பிரிவில் 100-க்கு 39, இரண்டாவதில் 21, வெற்று மாத்திரையில் 6. அளவு கூடக்கூடப் பலனும் கூடியிருக்கிறது. ஒன்று உண்மையிலேயே வேலை செய்கிறது என்பதற்கு நல்ல அடையாளம் அது. ஐரோப்பிய மருந்து முகமை, இடுப்புவலிக்குக் குறுகிய காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று இந்தப் பட்டையை ஏற்றிருக்கிறது.

மூட்டுத் தேய்மானத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. ஜெர்மனியில் நடந்த ஒரு சிறு சோதனையில் இரண்டு வாரத்தில் வலி சற்றுக் குறைந்தது. ஆனால் 2004-ல் வெளியான, இன்னும் பெரிய சோதனை 127 பேரை எடுத்துக்கொண்டு, பட்டையை வெற்று மாத்திரையோடு மட்டுமல்லாமல் டைக்ளோஃபெனாக் என்ற வலிமாத்திரையோடும் ஒப்பிட்டது. வலி குறைந்த அளவு டைக்ளோஃபெனாக்கில் 100-க்கு 47 பங்கு, பட்டையில் 17, வெற்று மாத்திரையில் 10. பட்டைக்கும் வெற்று மாத்திரைக்கும் உள்ள இடைவெளியைப் பலன் என்று சொல்ல முடியவில்லை. வெற்று மாத்திரையிலும் பத்துப் பங்கு வலி குறைந்திருப்பதைக் கவனித்தீர்களா? எனக்குக் கேட்டது, என் அத்தைக்குக் கேட்டது என்ற சாட்சியங்களை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாமல் போவது இதனால்தான். சொல்பவர் பொய் சொல்லவில்லை. வலி தானாகவும் ஏறி இறங்கும், கவனிப்பாலும் நம்பிக்கையாலும் தணியும். மருந்தின் பங்கைத் தனியே பிரித்துக் காண, மருந்தில்லாதவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு வியப்பும் உண்டு. 240 மில்லிகிராம் சாலிசின் எடுத்தவர்களின் ரத்தத்தை அளந்து பார்த்தபோது, சாலிசிலிக் அமிலத்திலிருந்து வரும் சாலிசிலேட்டின் அளவு வெறும் 87 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தாற்போலத்தான் இருந்தது. தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரின் மாத்திரை ஒன்று 300 மில்லிகிராமுக்கு மேல். ஆக, பட்டை தரும் சுகம் முழுவதையும் சாலிசின் கணக்கில் எழுத முடியாது. அதிலுள்ள துவர்ப்புப் பொருள்களும் ஃபிளேவனாய்டுகளும் சேர்ந்து அழற்சியைத் தணிக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பட்டை முழுசாக இருப்பதில் ஒரு நியாயம் உண்டு என்று நம் வைத்தியர்கள் சொல்வது வெறும் பேச்சில்லை.

ஆர்வத்தால் நானும் ஒரு கணக்குப் போட்டேன். வெள்ளை வில்லோவில் சாலிசின் குறைவு. நூற்றுக்கு ஒரு பங்கு என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், ஸ்டோன் கொடுத்த 4 கிராமில் 40 மில்லிகிராம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு ஆறு வேளை, 240 மில்லிகிராம். தராசும் நோயாளியின் முகமும் தவிர வேறு கருவியில்லாத ஒருவர், படிப்படியாகக் கூட்டிக் கூட்டி, இன்றைய சோதனைகள் எடுத்துக்கொண்ட அளவுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார்!

ஒரு மரம் எதற்காக இதையெல்லாம் செய்து வைத்திருக்கிறது? நமக்காக அல்ல. அந்தக் கசப்பு, தழையை மேய வரும் பிராணிகளை விரட்டுவதற்கு. சாலிசிலிக் அமிலம் செடிகளுக்குள் ஓர் எச்சரிக்கைச் செய்தியும் ஆகும். புகையிலைச் செடியின் ஓர் இலையில் வைரஸ் தாக்கினால் அந்த அமிலம் பெருகி, மற்ற இலைகளும் எதிர்ப்புக்குத் தயாராகின்றன. வில்லோவிலேயே வாழும் இலைவண்டு ஒன்றின் புழுக்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். தின்ற சாலிசினைக் காரநெடியுள்ள பொருளாக மாற்றித் தம் எதிரிகளை விரட்டுகின்றன. பூச்சியை விரட்டவும் கிருமியோடு போராடவும் உண்டான பொருள் அது. இயற்கையானது, ஆகவே சாது என்று எப்படிச் சொல்வது?

சாலிசிலேட் குடும்பத்தின் வலிமை நம் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. ஊட்டிக் கடைகளில் நீலகிரித் தைலத்துக்குப் பக்கத்தில் விண்டர்கிரீன் தைலம் விற்பார்கள். நீலகிரியில் வளரும் ஒரு புதர்ச்செடியின் இலையிலிருந்து வடிப்பது. அதில் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட்தான். நாம் பூசும் வலித்தைலங்கள் பலவற்றிலும் அது உண்டு. மூட்டில் தேய்த்தால் இதம். ஆனால் அந்தச் சுத்தத் தைலம் ஒரு தேக்கரண்டி, இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேல் சமம். குழந்தை வாயில் ஊற்றிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. இன்றைக்கே அந்தப் புட்டியைக் கை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வில்லோப் பட்டைக் குளிகைகள் இப்போது இணையக் கடைகளில் நம்மூருக்கும் வருகின்றன. வாங்க நினைப்பவர்கள் சாலிசின் எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது என்ன அளவு என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள், ஆஸ்பிரினால் இழுப்பு வருகிறவர்கள், இரைப்பைப் புண் உள்ளவர்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்கள், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தொடக் கூடாது. குழந்தைகளுக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கும் வேண்டவே வேண்டாம். வைரஸ் காய்ச்சலின்போது ஆஸ்பிரின் எடுத்த பிள்ளைகளில் அரிதாக மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி வந்ததை மருத்துவ உலகம் கண்டிருக்கிறது. மழைக்காலத்தில் நம்மூரில் எந்தக் காய்ச்சலும் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் ரத்தக்கசிவு கூடும் என்பதால் ஆஸ்பிரின் கூடாது, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பட்டையும் கூடாது.

நம் பட்டைகள்? மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் ஆற்றுப்பாலை என்ற மரம் உண்டு. அது வில்லோவின் நெருங்கிய சொந்தம். மருதம்பட்டை, வேப்பம்பட்டை, முருங்கைப்பட்டை, மாவிலங்கப்பட்டை என்று நம் வைத்தியத்தில் பட்டைகளுக்குப் பஞ்சமேயில்லை. சித்த மருத்துவர்கள் எடை சொல்லி, எத்தனை பங்கு தண்ணீர், அதை எட்டில் ஒன்றாகக் காய்ச்சுவதா நாலில் ஒன்றாகக் காய்ச்சுவதா என்று சொல்லி, எத்தனை நாள், என்ன பத்தியம் என்றும் சொல்லித்தான் கொடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் வரும் செய்தியில் மரத்தின் பெயர் மட்டும் தங்கிவிட்டது, அளவும் நாளும் பத்தியமும் உதிர்ந்துவிட்டன. மரபை மதிக்கிறோம் என்றால் அந்த உதிர்ந்த பாதியையும் சேர்த்தே மதிக்க வேண்டும். பதிவுபெற்ற சித்த மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் ஏற்கெனவே எடுக்கும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை அவரிடம் காட்டுங்கள். கஷாயம் குடிப்பதை அலோபதி மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அவர் முகம் சுளித்தாலும் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். மரத்தைச் சுற்றிலும் பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். இலையில் செய்த உணவு பட்டைக்குள் இருக்கும் பாதை வழியாகத்தான் வேருக்குப் போகிறது. வில்லோவில் இரண்டு மூன்று வயதுக் கிளைகளை வெட்டியெடுத்து உரிப்பார்கள், அடிமரத்தைத் தொடுவதில்லை. ஆற்றங்கரை மருதமரங்களில் ஆளுயரத்துக்கு உரித்த காயங்களைப் பார்க்கும்போது வயிறு பகீரென்கிறது.

உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் வலிக்கு எந்தப் பட்டையைப் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள். மரத்தின் உள்ளூர்ப் பெயர், எந்த வயது மரம், எந்த மாதத்தில் எடுப்பது, எவ்வளவு, உள்ளுக்கா பற்றுப் போடவா, எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். முக்கியமாக, யாருக்குக் கேட்கவில்லை, யாருக்கு என்ன தொந்தரவு வந்தது என்பதையும் விடாமல் எழுதுங்கள். ஒரு சித்த மருத்துவரும் ஒரு மூட்டுநோய் மருத்துவரும் அந்தக் கடிதங்களைப் படித்துச் சொல்லும் கருத்துகளோடு, வரும் இதழ்களில் அவற்றை வெளியிடுகிறோம். இந்த மாதம் 20-ம் தேதிக்குள் கிடைத்தால் அடுத்த இதழிலேயே தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்